ஏ.எம்.ஹெச். குறைந்தால் தாய்மை இல்லையா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு ஆகியவற்றோடு இப்போது 'ஏ.எம்.ஹெச்.' என்ற பெயரும் சேர்ந்துவிட்டது. திருமணமாகிச் சில மாதங்களே ஆன பெண்ணுக்குக்கூட, "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று ரத்தம் எடுக்கிறார்கள். மாலையில் செல்போனுக்கு ரிப்போர்ட் வருகிறது. 0.9 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்று குறித்திருக்கிறது. மறுநாளே "அவளுக்கு முட்டையே இல்லையாம்" என்ற பேச்சு உறவினர் வீடுவரை போய்விடுகிறது. அந்த வாரமே சோதனைக்குழாய் சிகிச்சைக்கு முன்பணம் கட்டும் குடும்பங்களும் உண்டு.

அந்த எண்ணை அலட்சியம் செய்யக் கூடாது. அதைக் கண்டு நிலைகுலையவும் கூடாது. அது சொல்லும் செய்தி மிகக் குறுகலானது. எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தேவையில்லாத செலவும் மிச்சமாகும். உண்மையிலேயே அவசரப்பட வேண்டியவர்கள் நேரத்தை இழக்காமலும் இருப்பார்கள்.

பிறக்கும்போதே வரும் இருப்பு

ஆணின் உடலில் விந்தணுக்கள் பருவ வயதிலிருந்து நாள்தோறும் புதிதாக உற்பத்தியாகின்றன. பெண்ணுக்கு அப்படி இல்லை. தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். அதன் பிறகு கூடுவதே இல்லை, குறைவது மட்டும்தான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும் சமயத்தில் 3 முதல் 4 லட்சம். 37 வயதை ஒட்டி சுமார் 25 ஆயிரம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஏறக்குறைய ஆயிரம்தான் மிஞ்சும்.

வாழ்நாள் முழுவதும் வெடித்து வெளியே வருபவை 400 முதல் 500 முட்டைகள்தான். மற்றவை என்ன ஆகின்றன? ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரத் தொடங்குகின்றன. அவற்றில் பெரும்பாலும் ஒன்றுதான் முழு வளர்ச்சி அடைந்து வெடிக்கும். கூட வந்த மற்றவை சுருங்கி மறைந்துவிடும். கர்ப்பமாக இருந்தாலும் சரி, கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சரி, இந்தக் கரைதல் நிற்காது.

"ஹார்மோன் ஊசி போட்டால் உள்ளே இருக்கிற முட்டையெல்லாம் தீர்ந்துவிடுமாமே" என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த மாதம் எப்படியும் சுருங்கி மறையப்போகிற முட்டைகளைத்தான் ஊசி வளர்த்தெடுக்கிறது. அடுத்த மாதங்களுக்கான இருப்பில் அது கைவைப்பதில்லை.

இருப்பை அளக்கும் மூன்று வழிகள்

சினைப்பைக்குள் உறங்கும் முட்டைகளை நேராக எண்ணுவதற்கு இதுவரை வழி இல்லை. வளரத் தொடங்கியவற்றை வைத்து மீதியை ஊகிக்கிறோம். அதற்கு மூன்று பரிசோதனைகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை. ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் என்பது இதன் முழுப்பெயர். முயல் கருக்களை ஆராய்ந்த பிரான்ஸ் விஞ்ஞானி ஆல்ஃபிரெட் ஜோஸ்ட், 1940-களில் இதன் வேலையைக் கண்டறிந்தார். ஆண் கருவின் உடலில் கர்ப்பப்பை உருவாகாமல் தடுப்பது இதுதான் என்பது அன்றைய கண்டுபிடிப்பு. பெண்ணின் சினைப்பையிலும் இது சுரக்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. முட்டைகளைச் சுமந்திருக்கும் மிகச்சிறிய நீர்ப்பைகளின் உட்சுவர்ச் செல்கள்தான் இதைச் சுரக்கின்றன. சிறு பைகள் நிறைய இருந்தால் எண் கூடும், குறைந்தால் இறங்கும். மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் ரத்தம் கொடுக்கலாம். வெறும் வயிறு தேவையில்லை.

இரண்டாவது, ஸ்கேன். மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் சினைப்பைகள் தெளிவாகத் தெரியும். சாம்பல் நிறத் திரையில் சிறு சிறு கறுப்பு வட்டங்களாகத் தெரிபவைதான் அந்த நீர்ப்பைகள். கருவியை மெல்ல நகர்த்தி, 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள வட்டங்களை வலப்பக்கம் எத்தனை, இடப்பக்கம் எத்தனை என்று மருத்துவர் எண்ணுவார். இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து, ஆறுக்குக் கீழே இருந்தால் இருப்பு குறைவு. எண்ணுபவரின் அனுபவத்தையும் கருவியின் தரத்தையும் பொறுத்துக் கணக்கு ஒன்றிரண்டு மாறலாம்.

மூன்றாவது, மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எடுக்கும் எஃப்.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வளர்க்கச் சொல்லி சினைப்பைக்கு அனுப்பும் ஹார்மோன் இது. இருப்பு குறையக் குறையச் சினைப்பையின் பதில் மந்தமாகும். பிட்யூட்டரி இன்னும் அதிகமாகச் சுரக்கும். அதனால் இங்கே எண் கூடுவதுதான் கவலை. 10-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் கவனிப்பார்கள். இதோடு ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரடையால் கூடியிருந்தால் எஃப்.எஸ்.ஹெச். அடங்கி, சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். இந்த எண் மாதத்துக்கு மாதமும் மாறும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததும் எண்ணுக்கு முன்னால் அளவீட்டைப் பாருங்கள். நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று கொடுக்கின்றன. பிரிட்டன் போன்ற நாடுகளில் லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று கொடுப்பார்கள். இங்கே 1 என்பது அங்கே சுமார் 7. லண்டனில் இருக்கும் அக்காவுக்கு 7, சேலத்தில் இருக்கும் தங்கைக்கு 1 என்றால் இருவரின் இருப்பும் ஒன்றுதான்.

அடுத்தது வயது. 30 வயதில் 2 முதல் 3 நானோகிராம் வரை இருப்பது சாதாரணம். 40 வயதில் 1-ஐ ஒட்டி இருப்பதும் சாதாரணம்தான். ரிப்போர்ட்டின் வலப்பக்கம் அச்சாகியிருக்கும் 'இயல்பு அளவு' சில நேரம் எல்லா வயதுக்கும் பொதுவாகப் போடப்பட்டிருக்கும். 39 வயதுப் பெண்ணின் எண்ணை 25 வயதுக்குரிய அளவோடு ஒப்பிட்டால் 'குறைவு' என்றுதான் வரும்.

எண்ணைக் கீழே இறக்கிக் காட்டும் வேறு காரணங்களும் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஏ.எம்.ஹெச். தற்காலிகமாகக் குறையும்; நிறுத்திச் சில மாதங்களில் மீளும். முடி உதிர்வுக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வகக் கருவிகளில் அளவைத் தவறாகக் காட்டக்கூடும். எனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி வேறுபடுவதால், ஒரு இடத்தில் 1.1 வந்தது இன்னொரு இடத்தில் 0.8 ஆகலாம். மறுபடி பார்ப்பதானால் அதே ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது.

எண் கூடினால் நல்லதுதானே என்றால், அதுவும் இல்லை. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஏ.எம்.ஹெச். 6, 8, 10 என்று ஏறி நிற்கும். முட்டைகள் நிறைய இருக்கும். ஆனால் மாதாமாதம் ஒன்று முதிர்ந்து வெடிக்காது. இருப்பு நிறைய இருந்தும் கருத்தரிக்கத் தாமதமாவது இவர்களுக்குத்தான்.

எண்ணிக்கை வேறு, தரம் வேறு

குதிரில் எத்தனை மூட்டை விதைநெல் இருக்கிறது என்பது ஒரு கணக்கு; அது முளைக்குமா என்பது வேறு கணக்கு. ஏ.எம்.ஹெச். முதல் கணக்கை மட்டும்தான் சொல்கிறது.

இயற்கையாகக் கருத்தரிக்க ஒரு மாதத்துக்குத் தேவை ஒரே ஒரு நல்ல முட்டை. இருப்பு குறைந்தவருக்கும் மாதவிடாய் ஒழுங்காக வந்தால் மாதம் ஒரு முட்டை வெடிக்கத்தான் செய்கிறது. அந்த முட்டை நல்ல முட்டையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. வயது ஏற ஏற, முட்டைக்குள் குரோமோசோம்கள் பிரியும்போது பிழைகள் கூடுகின்றன. கரு தங்காமல் போவதும், கருச்சிதைவும், டவுன் சிண்ட்ரோம் போன்ற நிலைகளும் இதனால்தான் கூடுகின்றன. டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 25 வயதில் ஏறக்குறைய 1,250 பிரசவத்தில் ஒன்று. 40 வயதில் நூற்றில் ஒன்று.

ஏ.எம்.ஹெச். 0.8 உள்ள 28 வயதுப் பெண்ணையும், 3 உள்ள 41 வயதுப் பெண்ணையும் எடுத்துக்கொள்வோம். வேறு குறைபாடு இல்லையென்றால், இயற்கையாகத் தாயாகும் வாய்ப்பு முதல் பெண்ணுக்கே அதிகம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அவளுடைய முட்டைகளுக்கு வயது 28 தான்.

இதை ஒரு முக்கியமான ஆய்வு உறுதிப்படுத்தியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டாக்டர் ஆன் ஸ்டெய்னர் தலைமையிலான குழு, 30 முதல் 44 வயதுவரை உள்ள, குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 750 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. எல்லோரும் கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்தவர்கள். 2017-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. ஏ.எம்.ஹெச். 0.7-க்குக் கீழே இருந்தவர்கள் ஆறு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 65 சதவீதம். இயல்பான அளவில் இருந்தவர்களுக்கு 62 சதவீதம். பன்னிரண்டு சுழற்சிகளில் 84, 75. குறைந்த ஏ.எம்.ஹெச். அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

இதையொட்டி, அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2019-இல் தெளிவாகச் சொன்னது: குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்ணிடம் ஏ.எம்.ஹெச். எண்ணை வைத்து, "உனக்குக் கருத்தரிக்கும், கருத்தரிக்காது" என்று ஆலோசனை சொல்லக் கூடாது.

பிறகு எதற்கு இந்தப் பரிசோதனை?

சோதனைக்குழாய் சிகிச்சையில் இது மிகவும் பயன்படும். ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை ஏ.எம்.ஹெச்.சும் ஸ்கேன் கணக்கும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். குறைவாக இருந்தால், முட்டைகள் குறைவாகத்தான் கிடைக்கும் என்று தம்பதிக்கு முதலிலேயே சொல்லலாம். எண் மிக அதிகமாக இருந்தால் ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத்திணறல்வரை போகும் ஆபத்து உண்டு. இந்த ஆபத்தைத் தவிர்ப்பதில் ஏ.எம்.ஹெச். உதவுகிறது.

புற்றுநோய்க்குக் கீமோ அல்லது கதிர்வீச்சு தொடங்கவிருக்கும் இளம்பெண்களுக்கும் இது முக்கியம். சில கீமோ மருந்துகள் முட்டை இருப்பைப் பெருமளவு அழித்துவிடும். சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் கிடைத்தால்கூட முட்டையை எடுத்து உறையவைக்க முடியும். நோயின் அதிர்ச்சியில் இதைக் கேட்க வேண்டும் என்று குடும்பத்துக்குத் தோன்றாது. ஆகவே, உடனிருப்பவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

சாக்லேட் கட்டி என்று சொல்லப்படும் எண்டோமெட்ரியோசிஸ் கட்டியை அறுவை செய்து எடுக்கும்போது, அதோடு நல்ல திசுவும் கொஞ்சம் போகும். அதனால் அறுவைக்கு முன்பே ஏ.எம்.ஹெச். பார்த்துக்கொள்வது, குறிப்பாக இரண்டு பக்கமும் கட்டி இருந்தால், மிக அவசியம்.

யார் தாமதிக்கக் கூடாது?

35 வயதுக்குக் கீழே இருந்து, மாதவிடாய் ஒழுங்காக வந்தால் ஓராண்டு இயல்பாக முயலலாம். அதற்குப் பிறகுதான் பரிசோதனைகள். 35-ஐக் கடந்தவர்கள் ஆறு மாதம் பார்த்தால் போதும். 40-ஐத் தாண்டியவர்கள் காத்திருக்கவே வேண்டாம்.

கீழே உள்ளவர்கள் எந்த வயதிலும் முன்கூட்டியே மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பது நல்லது:

• அம்மாவுக்கோ அக்காவுக்கோ 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால்
• 28, 30 நாளுக்கு ஒருமுறை வந்த மாதவிடாய் 22, 23 நாளாகக் குறுகிக்கொண்டே வந்தால், அல்லது மாதக்கணக்கில் வராமல் நின்றால்
• சினைப்பையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால்
• கீமோ, இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு பெற்றிருந்தால்
• புகைப்பழக்கம் இருந்தால். புகைப்பவர்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நிற்கிறது

நம் நாட்டுக்கென்று ஒரு கவனமும் தேவை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி நிற்கிறது. மேலை நாடுகளில் அது 51. சோதனைக்குழாய் சிகிச்சைக்கு வந்த இந்தியப் பெண்களையும் ஸ்பெயின் பெண்களையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வு, இந்தியப் பெண்களின் சினைப்பைகள் சுமார் ஆறு ஆண்டுகள் முன்னதாகவே முதுமை காட்டுவதாகச் சொன்னது. சிகிச்சைக்கு வந்தவர்களை வைத்துச் சொன்ன கணக்கு இது. எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் படிப்பு, வேலை, வீட்டுக்கடன் என்று குழந்தையைத் தள்ளிப்போடும் தம்பதிகள் இதை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

கணவருக்கும் பரிசோதனை

இங்கே பேசியாக வேண்டிய அநியாயம் ஒன்று இருக்கிறது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி மருமகளிடம்தான் கேட்கப்படுகிறது. ரத்தப் பரிசோதனை, உள்வழி ஸ்கேன், டியூப் டெஸ்ட், முட்டை வளர்ச்சி ஸ்கேன் என்று அவள் படியேறி இறங்கிய பிறகும், "அவனுக்கு ஒன்றும் இருக்காது" என்று மகனை யாரும் அழைத்துப் போவதில்லை. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது.

விந்து பரிசோதனை செலவு குறைந்தது, வலியில்லாதது. 2 முதல் 7 நாள் உடலுறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆவதால், முடிவு சரியில்லையென்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். மனைவியின் ஏ.எம்.ஹெச். பார்ப்பதற்கு முன்பே, குறைந்தது அதே நாளிலாவது, இது நடக்க வேண்டும். கருக்குழாய் அடைப்பும் அதேபோல் முக்கியம். நம் நாட்டில் காசநோய் கருக்குழாயையும் கர்ப்பப்பையின் உட்சுவரையும் சத்தமில்லாமல் சேதப்படுத்துவது உண்டு. குழாய் அடைத்திருந்தால் இருப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

குறைவு என்று வந்தால் என்ன செய்வது?

முதலில், இழந்த முட்டைகளைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து எதுவும் இல்லை. டி.ஹெச்.இ.ஏ., கோஎன்சைம் கியூ10 மாத்திரைகளும், சினைப்பைக்குள் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசியும் பரவலாக விற்கப்படுகின்றன. இவை இருப்பைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பல ஆயிரம் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

இளவயதாக இருந்து, மாதவிடாய் ஒழுங்காக வந்து, கணவரின் பரிசோதனையும் கருக்குழாயும் சரியாக இருந்தால், இயற்கையாகவே முயலலாம். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்திருந்தால் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். முட்டை வெடித்த பின் ஒரு நாள்வரைதான் உயிரோடு இருக்கும். விந்தணு ஐந்து நாள்வரை தாங்கும். எனவே வெடிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து நாட்களும் அந்த நாளும்தான் வாய்ப்புள்ள காலம். 28 நாள் சுழற்சியில் அது ஏறக்குறைய 9-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள்வரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்குங்கள். தைராய்டு, சர்க்கரையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்று எஃப்.எஸ்.ஹெச். உயர்ந்திருந்தால், அது குழந்தைப்பேறு மட்டும் சார்ந்த விஷயம் அல்ல. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் சிகிச்சை தேவைப்படும். காரணம் அறிய மரபணுப் பரிசோதனையும் செய்வார்கள்.

முட்டையை உறையவைப்பது 2012 முதல் சோதனை முயற்சி என்ற நிலையைக் கடந்துவிட்டது. ஆனால் அது குழந்தைக்கு உத்தரவாதம் இல்லை. எந்த வயதில் உறையவைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன். தானமுட்டை வேண்டிவந்தால் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தானம் கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வயது, ஆணுக்கு 21 முதல் 55 வயது என்பது வரம்பு.

மருத்துவரிடம் கேளுங்கள்

• என் வயதுக்கு இந்த எண் எப்படி? ஸ்கேன் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறதா?
• எனக்கு மாதாமாதம் முட்டை வெடிக்கிறதா?
• கணவரின் பரிசோதனையும் கருக்குழாய்ப் பரிசோதனையும் முடிந்துவிட்டனவா?
• இன்னும் எத்தனை மாதம் இயற்கையாக முயலலாம்?
• சோதனைக்குழாய் சிகிச்சை என்றால், என் வயதில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு எவ்வளவு?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் போங்கள். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து "இந்த மாதமே பேக்கேஜ் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவசரப்படுத்தினால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது உங்கள் உரிமை. கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். என்ன செய்வது என்பதை வயதையும் மாதவிடாயையும் இருவரின் பரிசோதனைகளையும் சேர்த்துவைத்து முடிவெடுங்கள். ஏ.எம்.ஹெச். அதில் ஒரு வரி மட்டுமே.